அடி தாங்காமல் தாய்வீடு வந்த பெண்ணுக்கு நாகர்கோவில் பக்கம் என்ன உதவி உண்டு?

முதலில் பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள். பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசின் 'சகி' மையத்தில் சிகிச்சை, ஆலோசனை, போலீஸ், சட்ட உதவி எல்லாம் ஒரே இடத்தில் ஏற்பாடாகும். ஆனால் அங்கே தங்குவது பொதுவாக 5 நாள்தான். அதற்குள் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரிடம் நடந்ததைச் சொல்லி, குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கையைப் பதிவு செய்துவிடுங்கள். 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி மனு போடும்போதே இடைக்காலச் செலவுப் பணமும் கேளுங்கள். கேட்காமல் விட்டு மாதக்கணக்கில் கையில் காசில்லாமல் தவிப்பவர்கள் நிறைய. பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு, வருமான வரம்பு கிடையாது.

பிறகு வருமானம். அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) கூலியோ தையலோ, பணம் அவள் பெயரில் மட்டும் உள்ள கணக்கில் விழ வேண்டும். பழைய கணக்கில் கணவரின் செல் நம்பர் இருந்தால் ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும்! பாஸ்புக், ஆதாரோடு வங்கிக்குப் போய் நம்பரை மாற்றிய பிறகே மகளிர் குழுக் கடன் கேளுங்கள்.