பேர் மாறின பவர் டூல், வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

என்னிடம் ஹிட்டாச்சி 18 வோல்ட் ட்ரில்லும் இரண்டு பேட்டரியும் இருக்கின்றன. இப்போது ஹைகோகிதான் கிடைக்கிறது. பேட்டரி வீணா?

வீணில்லை. 2017-இல் கே.கே.ஆர். என்ற முதலீட்டு நிறுவனம் ஹிட்டாச்சி கருவிகளைத் தயாரித்துவந்த ஹிட்டாச்சி கோக்கி நிறுவனத்தை வாங்கியது, ஹிட்டாச்சி குழுமத்தை விட்டு வெளியே வந்த பிறகு அந்தப் பெயரைத் தொடர முடியாது என்பதால் 2018-இல் ஹைகோகி என்று வைத்தார்கள், அவ்வளவுதான். தயாரிப்பாளர் அதே ஆள், பச்சை நிறம்கூடப் போகவில்லை. உங்கள் பேட்டரி அடியில் தள்ளி மாட்டுகிற ஸ்லைடு வகை லித்தியம் அயான் என்றால் ஹைகோகி 18 வோல்ட் கருவிகளில் அப்படியே உட்காரும். கைப்பிடிக்குள் செருகுகிற பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி சேராது.

இன்னொன்று, மல்ட்டி வோல்ட் என்று ஒரு பேட்டரி வைத்திருக்கிறார்கள். 36 வோல்ட் கருவியில் மாட்டினால் 36 வோல்ட் 2.5 ஆம்பியர் ஹவராகவும் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு), 18 வோல்ட் கருவியில் மாட்டினால் 18 வோல்ட் 5 ஆம்பியர் ஹவராகவும் வேலை செய்யும். ஆனால் உங்கள் பழைய 18 வோல்ட் பேட்டரியை 36 வோல்ட் கருவியில் போட முடியாது. இதைக் கவனிக்காமல் வெறும் கருவியை மட்டும் வாங்கிவிட்டால் பேட்டரிக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டிவரும்.

மெட்டாபோ, மெட்டாபோ எச்.பி.டி. இரண்டும் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. மெட்டாபோ ஜெர்மன் நிறுவனம், 2016-இல் ஹிட்டாச்சி கோக்கி அதை வாங்கியது. வட அமெரிக்காவில் மட்டும் ஹிட்டாச்சி கருவிகளுக்கு மெட்டாபோ எச்.பி.டி. என்று பெயர் வைத்தார்கள். மற்ற இடங்களில் ஹைகோகி என்று விற்பது அதுதான். ஜெர்மன் மெட்டாபோவின் பேட்டரி இதில் மாட்டாது. முதலாளி ஒருவர் என்பதற்காகப் பேட்டரியும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

பெயர் மாறாத பிராண்டை வாங்கினால் இந்தத் தொல்லை இருக்காதுதானே?

எனக்கு உண்மையில் கவலை தருவது இந்த நம்பிக்கைதான். பெயர் மாறினால் எல்லாரும் பயப்படுகிறார்கள், பெயர் அப்படியே இருந்து ஆள் மாறினால் யாரும் கண்டுகொள்வதில்லை. கிராஃப்ட்ஸ்மேன் என்ற அமெரிக்கக் கருவி பிராண்ட் 2017-இல் சியர்ஸ் என்ற கடை நிறுவனத்திடமிருந்து ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கருக்குப் போனது, பழைய 19.2 வோல்ட் பேட்டரி இப்போதைய வி20 கருவிகளில் சேராது. ஸ்கில் பிராண்டை பாஷ் நிறுவனம் செர்வான் என்ற சீன நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. பிராண்ட் எதுவாக இருந்தாலும் சரி, இப்போது அதைத் தயாரிப்பது யார், உங்களிடம் இருக்கிற பேட்டரி இதில் மாட்டுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

டிவால்ட் 20 வோல்ட் மேக்ஸ், 18 வோல்ட்டை விட வலுவானதா?

இல்லை. இரண்டிலும் வரிசையாக ஐந்து செல்கள்தான். முழு சார்ஜில் தலா 4 வோல்ட் என்று கணக்கிட்டால் 20, வழக்கமான 3.6 வோல்ட்டில் கணக்கிட்டால் 18.

பழைய பெயர் போட்ட கிரைண்டர் தள்ளுபடியில் கிடைக்கிறது. எடுக்கலாமா?

கரண்ட் வயர் வைத்த கிரைண்டர் என்றால் தாராளமாக எடுங்கள், கார்பன் பிரஷ், ஸ்விட்ச், ஆர்மேச்சர் மாதிரி உதிரிபாகங்கள் எல்லாம் இப்போதும் கிடைக்கிறதா என்று மாடல் எண்ணைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டு. பேட்டரி கருவி என்றால் யோசிக்க வேண்டும், பேட்டரி பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் வயதாகிக்கொண்டேதான் இருக்கும். தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். அப்புறம் வாரண்ட்டியை இப்போது ஏற்றுக்கொள்வது எந்த நிறுவனம் என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.