கடல் பிராணி பழி வாங்குமா? டீச்சரிடம் கேட்டவை

ஸ்பெயின் பக்கம் ஓர்காத் திமிங்கலங்கள் படகை உடைக்கும் காணொளி வாட்ஸ்அப்பில் சுற்றியதிலிருந்து பினாங்கு நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பதில்களை ஒரே இடத்தில் தருகிறேன்.

டீச்சர், படகில் அடிபட்ட தாய் ஓர்கா மற்றவைகளையும் சேர்த்துக்கொண்டு பழி வாங்குதாமே? (பட்டர்வொர்த்)

2020 மே மாதத்திலிருந்து ஜிப்ரால்டர் நீரிணையிலும் போர்த்துகல் கரையோரத்திலும் இது நடக்கிறது. பாய்மரப் படகின் சுக்கானை முட்டி ஒடிக்கின்றன. சில படகுகள் மூழ்கியும் போயின. 'வெள்ளை கிளாடிஸ்' என்ற பெண் ஓர்கா படகில் அடிபட்டு ஆரம்பித்து வைத்தது என்பது ஊகம்தான், நிரூபணம் கிடையாது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முட்டுபவை பெரும்பாலும் இளவட்டங்கள். சுக்கான் உடைந்ததும் ஆர்வம் போய்விடுகிறது, படகில் இருப்பவர்களை அவை தேடுவதில்லை. காட்டு ஓர்கா மனிதனைக் கொன்றதாக இதுவரை பதிவே இல்லை. 1987-இல் அமெரிக்காவின் பியூஜெட் சவுண்ட் பகுதியில் ஓர்காக்கள் செத்த சால்மன் மீனைத் தலையில் வைத்துக்கொண்டு திரிந்தன; ஒன்றைப் பார்த்து ஒன்று செய்தது, அப்புறம் விட்டுவிட்டன. சுக்கான் விஷயமும் அந்த மாதிரி விளையாட்டு என்றுதான் பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். அங்கே மிஞ்சியிருப்பது நாற்பதுக்கும் குறைவான ஓர்காக்கள். 'பழிகாரி' என்று பெயர் கட்டினால் துப்பாக்கி தூக்க ஆள் வந்துவிடும், அதுதான் என் பயம்.

அப்படியானால் திமிங்கலம் முட்டி மூழ்கிய எசெக்ஸ் கப்பல்? (ஜெலுத்தோங்)

அது நிஜம். எசெக்ஸ் ஒரு திமிங்கல வேட்டைக் கப்பல். 1820 நவம்பர் 20, பசிபிக் பெருங்கடல். இருபது பேரில் கடைசியில் பிழைத்தது எட்டுப் பேர். பழிவெறியோடு வந்தது போலிருந்தது என்று எழுதியவர் கப்பலின் முதல் மேட் (கேப்டனுக்கு அடுத்த அதிகாரி) ஓவன் சேஸ். ஆனால் கவனியுங்கள்: அன்று ஈட்டி பட்டவை வேறு திமிங்கலங்கள், முட்டியது வேறொன்று. சேஸ் அப்போது கப்பலில், சேதமான சிறு வேட்டைப் படகுக்கு ஆணியடித்துக்கொண்டிருந்தார். அந்தத் தட்டல் இன்னொரு ஆண் திமிங்கலத்தின் ஒலி போலக் கேட்டிருக்கலாம் என்றும் ஓர் ஊகம் உண்டு.

கெடுதல் செய்தவனை ஞாபகமாவது வைத்திருக்குமா? (ஆயர் ஈத்தாம்)

வைத்திருக்கும். சியாட்டில் மீன் காட்சியகத்தில் ஒருவர் தீனி போட, இன்னொருவர் குச்சியால் சீண்டினார். இருவருக்கும் ஒரே சீருடை. இரண்டே வாரத்தில் ஆக்டோபஸ்கள் ஆளைப் பிரித்தறிந்தன. சீண்டியவரைக் கண்டால் ஒதுங்கின. அடையாளம் தெரிவது வேறு, காத்திருந்து வஞ்சம் தீர்ப்பது வேறு.

அப்பா வலையில் வந்த திருக்கையின் வாலை நறுக்கிக் கடலில் விட்டார். மறுவாரமே அவரைத் திருக்கை குத்திவிட்டது. பாட்டி "அதோட சொந்தம் பழி தீர்த்துடுச்சு" என்கிறார். (தெலுக் பகாங்)

பாட்டியின் வருத்தம் நியாயம், வாலை நறுக்கியிருக்க வேண்டாம். ஆனால் குத்தியதற்குக் காரணம் மிதிபட்டதுதான். திருக்கை மணலுக்குள் புதைந்து படுக்கும். கண்ணும் மூச்சுத் துளையும் மட்டும் வெளியே தெரியும். மிதித்தால் வால் தானாக மேலே சுழலும். முள்ளின் இரண்டு ஓரமும் ரம்பம். பற்கள் பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதால் வெளியே வரும்போதுதான் சதையைக் கிழிக்கும். தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடக்கச் சொல்லுங்கள், அது விலகிவிடும். காலில் குத்தினால் பொறுக்கும் சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி வரை வைக்கவும், வலி குறையும். சூட்டை நல்ல காலில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் கிளினிக் போய்க் காயத்தைக் காட்டவேண்டும். மார்பிலோ வயிற்றிலோ முள் இருந்தால் பிடுங்கவே கூடாது, நேராக மருத்துவமனை.

2006-இல் ஆஸ்திரேலிய வனவிலங்கு டிவி நிகழ்ச்சிக்காரர் ஸ்டீவ் இர்வின் திருக்கை குத்தி இறந்த சில நாட்களில் ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் வால் வெட்டப்பட்ட திருக்கைகள் செத்துக் கிடந்தன. எனக்குத் தெரிந்து நிஜமாகப் பழி வாங்கிய பிராணி அங்கேதான் இருந்தது, தரையில்.

ஜோடியைக் கொன்றால் கடல் பாம்பு படகைத் தேடி வருமா? (பாலிக் புலாவ்)

வராது. கொம்பேறி மூக்கன் சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும் என்கிற மாதிரிக் கதை. ஆனால் வலையைப் பிரிக்கும்போது கையில் கடிக்கும். 1950களில் பினாங்கு பொது மருத்துவமனையில் டாக்டர் ரீட் இப்படிக் கடிபட்ட மீனவர்களைத்தான் ஆராய்ந்தார். பெரும்பாலான கடியில் விஷம் அதிகம் ஏறுவதில்லை. ஏறினாலும் கடித்த இடத்தில் வலி இருக்காது. சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் தசை வலிக்கும், சிறுநீர் கறுக்கும். அதுவரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.