ஹார்ப் படித்தால் பிழைக்க முடியுமா?

வணக்கம் ஐயா,

என் மகள் இந்த முறை உயர்தரப் பரீட்சை எழுதினாள். பியானோவில் எட்டாம் கிரேட் முடித்திருக்கிறாள். போன வருடம் ஒரு கல்யாண வரவேற்பில் ஹார்ப், அதுதான் யாழ் போன்ற அந்த மேலைநாட்டுத் தந்தி வாத்தியம், வாசிக்கக் கேட்டாள். அன்றிலிருந்து அதே நினைவுதான். வெளிநாடு போய் முறையாகப் படித்து, கொழும்பில் அதையே தொழிலாகச் செய்யப் போகிறாளாம். வாசிக்கிறவர்கள் குறைவு, அதனால் வாய்ப்பு நிறைய வரும் என்பது அவள் கணக்கு. என் அண்ணாவோ, "கடைசியில் நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத்தானே போகிறாள், அதற்கு இவ்வளவு செலவா?" என்கிறார். நீங்கள் இசை பற்றி எழுதுகிறவர். ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ஒரு தாய், வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

மகளின் கணக்கும் பிழை, அண்ணாவின் கணக்கும் பிழை. அண்ணாவுடையது கொஞ்சம் பெரிய பிழை.

மகளுடையதை முதலில் பார்ப்போம். வாசிக்கிறவர்கள் குறைவுதான், ஆனால் கூப்பிடுகிற இடமும் குறைவு. பெரிய சிம்ஃபனி இசைக்குழுவொன்றில் வயலினுக்கு முப்பது கதிரை போட்டால் ஹார்ப்புக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதற்கும் எல்லா நாளும் வேலை இராது. பீத்தோவனின் 9 சிம்ஃபனிகளில் ஒன்றில்கூட ஹார்ப் இல்லை. பெர்லியோஸின் 'ஃபன்டாஸ்டிக் சிம்ஃபனி'யில் ஐந்து பகுதிகள். ஹார்ப் வருவது இரண்டாவதில் மட்டும். அந்த ஒற்றைக் கதிரையும் லேசில் கிடைத்துவிடாது. வியன்னா ஃபில்ஹார்மொனிக் இசைக்குழுவில் அன்னா லெல்கெஸ் இருபது வருடத்துக்கு மேல் ஹார்ப் வாசித்த பிறகு, 1997இல்தான் அவரை முழு உறுப்பினராகச் சேர்த்தார்கள். அங்கே அப்படிச் சேர்ந்த முதல் பெண்ணே அவர்தான்.

கொழும்பில் 1958 முதல் இலங்கை சிம்ஃபனி இசைக்குழு இருக்கிறது. அதில் வாசிப்பது பெருமை, ஆனால் அதை நம்பி வீட்டு வாடகை கட்ட முடியாது. மிச்சம் இருப்பது தேவாலயத் திருமணங்கள், வரவேற்புகள், ஹோட்டல் லொபி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த வேலை எப்படிப்பட்டது என்று மகளுக்குத் தெரிய வேண்டும். காலால் மிதித்துச் சுருதி மாற்றும் பெடல் ஹார்ப் ஆறடி உயரம், கிட்டத்தட்ட 40 கிலோ, 47 தந்திகள். ஆட்டோவில் ஏறாது, வான் பிடிக்க வேண்டும். நடுத்தந்திகள் பெரும்பாலும் குடலில் செய்தவை. கடற்கரைக் காற்றில் ஒரு சுருதி, ஏசி மண்டபத்தில் வேறு சுருதி. அதனால் விருந்தாளிகளுக்கு முன்னமே போய், வாத்தியத்தைக் குளிரில் கொஞ்சம் விட்டு, சுருதிச் சாவியை எடுத்து 47ஐயும் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். அப்புறம் சனங்கள் புரியாணி சாப்பிட்டபடி காணிவிலை பேசுவார்கள், இவள் வாசிப்பாள். வாங்கும் கூலியில் பாதி, வாசிப்புக்கு முன்னால் செய்த வேலைக்கு.

சரி, அண்ணாவிடம் வருவோம். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் வீணை ரீச்சர்மார் எத்தனை பேர்! வருடம் முழுக்க வகுப்பு, வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துவது, இடையில் ஒரு அரங்கேற்றம், எப்போதாவது சொந்தக் கச்சேரி. அவர்களை யாரும் தோற்றுப்போன கலைஞர்கள் என்று சொல்வதில்லை. ஹார்ப் என்றதும் மட்டும் ஏன் மேடையா வகுப்பா என்று பிரித்துப் பார்க்கிறோம்? உலகம் முழுக்க ஹார்ப் கலைஞர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் பிழைக்கிறார்கள். மேடை மாதத்துக்கு மாதம் கூடும், குறையும். வகுப்பு கையில் காசாக நிற்கும். பெற்றோர் ஒழுங்காகக் கட்டினால்! 1778இல் பாரிஸில் ஒரு பிரபுவுக்கும் அவர் மகளுக்கும் வாசிக்கவென்று மோட்சார்ட் புல்லாங்குழலும் ஹார்ப்பும் இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் ஒரு கொன்செர்டோ எழுதினார். அந்த மகளுக்கு இசை அமைக்கவும் சொல்லிக்கொடுத்தார். கொன்செர்டோவுக்குக் காசு மாதக்கணக்கில் வரவில்லை, பாடத்துக்கும் பாதியைத்தான் நீட்டினார்கள் என்று தகப்பனுக்கு எழுதிப் புலம்பியிருக்கிறார். எங்கள் ரீச்சர்மாருக்கு இந்தக் கதை புதிதல்ல.

ஆனால் ஹார்ப் சொல்லிக்கொடுப்பதில் பியானோவுக்கு இல்லாத ஒரு தடை இருக்கிறது. மாணவர் வீட்டில் ஹார்ப் இராது. 47 தந்தி உள்ள புதிய பெடல் ஹார்ப் பெரும்பாலும் 15,000 அமெரிக்க டாலரைத் தாண்டும்; எந்தத் தகப்பன் பழக்கத்துக்கு வாங்குவார்? எனவே ரீச்சரே இரண்டு மூன்று சின்ன லீவர் ஹார்ப்புகளை (பெடலுக்குப் பதிலாகக் கையால் நெம்புகோலைத் தட்டிச் சுருதி மாற்றுபவை) வைத்து வாடகைக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். முதல் வகுப்பே சுருதி சேர்ப்பதுதான். 'ஸி' தந்திகள் சிவப்பு, 'எஃப்' தந்திகள் கறுப்பு என்பதால் சின்னப் பிள்ளையும் இடத்தைப் பிடித்துவிடும். நகம் வளர்க்கக் கூடாது, சுண்டுவிரலுக்கு வேலையில்லை, தொடக்கத்தில் விரல்நுனி கொப்புளிக்கும். பரீட்சை இல்லாவிட்டால் கொழும்புப் பெற்றோர் அசையமாட்டார்கள் அல்லவா, ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற பிரித்தானிய இசைப் பரீட்சைச் சபையின் பாடத்திட்டத்தில் பெடல், லீவர் இரண்டுக்கும் கிரேட் உண்டு.

உங்கள் மகள் தமிழ்ப் பிள்ளை என்பது இங்கே உதவும். பெடல் ஹார்ப்பில் ஏழு பெடல்கள், சுரத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை. ஸியை சட்ஜமாக வைத்து, எல்லாப் பெடலும் நடுவில் இருக்க, இடதுகாலால் 'டி'யையும் வலதுகாலால் 'ஏ'யையும் மேலே ஏற்றினால் அவை அரைச்சுரம் இறங்கி சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் ஆகும். முழு வாத்தியமும், சரளி வரிசை பழகும் ராகமான மாயாமாளவகௌளையில் நிற்கும். கையை மேலிருந்து கீழே இழுத்தால்கூட அபசுரம் விழாது. சரளி வரிசை படித்த பிள்ளைக்கு இது விளையாட்டு. ஆனால் வீணையைப் போல தந்தியை இழுத்துக் கமகம் கொடுக்க வராது. கமகமே உயிரான தோடி ராகத்தைத் தொடவே வேண்டாம் என்பேன். அந்நிய வாத்தியம் என்று யாராவது சொன்னால், ஹார்ப்பின் இனத்தைச் சேர்ந்த பழந்தமிழர் யாழைப் பற்றி, காரைதீவு விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்' 1947இலேயே வந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. பெடல் ஹார்ப்புக்கு இப்போது காசு போடாதீர்கள். பியானோ படித்த கை, இரண்டு வரி சுரக்குறிப்பையும் வாசிக்கத் தெரியும். லீவர் ஹார்ப்பில் ஒரு வருடம் பழகட்டும். அதிலே ஆசை வடிந்தால் நட்டம் குறைவு. வடியாவிட்டால் வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு எழுதும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: படிக்கும் காலத்தில் வாத்தியம் இரவல் தருவார்களா, கற்பித்தல் முறை ஒரு பாடமாக உண்டா, தந்தி மாற்றவும் பெடல் சீர்செய்யவும் பழக்குவார்களா. மூன்றாவதைக் கேட்க மகள் கூச்சப்படுவாள், விடாதீர்கள். கொழும்பில் பெடல் இறுகிக்கொண்டால் அவளேதான் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும்.