டிரையரில் ஹீட்டர் எரிந்துவிட்டால் எப்படி மாற்றுவது? மாற்றிய பிறகும் ஏன் மீண்டும் எரிகிறது?

தங்கள் சலவைக்கூடத்தில் மும்முனை மின்சாரத்தில் ஓடும் டிரையரின் மூன்று ஹீட்டர்களில் ஒன்று எரிந்துவிட்டதாகவும், துணி காய இரட்டிப்பு நேரம் ஆவதாகவும், சென்ற முறை மாற்றியதும் சில மாதங்களிலேயே போய்விட்டதாகவும் கேட்டிருக்கிறீர்கள். இத்தகைய இயந்திரங்களின் பராமரிப்பே என் தொழில் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மூன்றில் ஒன்று போனால் வெப்பமும் மூன்றில் ஒரு பங்குதானே குறைய வேண்டும் என்று தோன்றும். ஆனால் நியூட்ரல் இல்லாத ஸ்டார் இணைப்பில் (மூன்று ஹீட்டர்களின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்த்து, மறுமுனைகளை மூன்று பேஸ்களில் கொடுப்பது), ஒன்று அறுந்ததும் மற்ற இரண்டும் 415 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடராக நின்றுவிடுவதால், மொத்த வெப்பம் சரிபாதியாகக் குறைகிறது. நீங்கள் சொல்லும் இரட்டிப்பு நேரத்தைப் பார்த்தால் உங்கள் டிரையரும் அப்படி இணைக்கப்பட்டதாகவே இருக்கக்கூடும். பழைய இணைப்பைக் கழற்றும் முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; 240 வோல்ட் ஹீட்டர்களைத் தவறுதலாக டெல்டாவில், அதாவது ஒவ்வொன்றையும் இரண்டு பேஸ்களுக்கு நேர் நடுவே, இணைத்தால் மூன்று மடங்கு சக்தி பாய்ந்து மூன்றுமே எரிந்துவிடும்.

நிறுத்தும் பொத்தானை நம்பி இயந்திரத்தில் கை வைக்கக் கூடாது. மின்சாரத்தை முழுமையாகத் துண்டிக்கும் மெயின் ஐசொலேட்டரை அணைத்து, பூட்டி, வேலை செய்பவரே சாவியை வைத்துக்கொள்ள வேண்டும். அதன் பின்னும், மீட்டர் சரியாக வேலை செய்கிறதா என்று மின்சாரம் உள்ள வேறோர் இடத்தில் பார்த்துவிட்டு, பேஸ்களுக்கு இடையிலும் ஒவ்வொரு பேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் மின்சாரம் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை இது.

கழற்றிய ஹீட்டரைத் தூக்கி எறியாமல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். குழாயின் நடுப்பகுதி வளைந்து தொங்கியோ கொப்புளித்தோ இருந்தால், காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். டெர்மினல் முனை மட்டும் கருகி, வயர் முனையிலுள்ள உலோக லக் நிறம் மாறியிருந்தால் இணைப்பு தளர்ந்திருக்கிறது. என் அனுபவத்தில் பெரும்பாலும் காண்பது முதல் வகைதான். புளோயர் தள்ளும் காற்று வெப்பத்தை எடுத்துச் செல்லும் என்ற கணக்கில்தான் இந்த ஹீட்டர்கள் செய்யப்படுகின்றன. பில்டரிலும் வெளியேற்றும் குழாயிலும் பஞ்சுத்தூசி அடைத்துக்கொண்டால், அதே 3 கிலோவாட் வெப்பம் போக வழியின்றி உள்ளிருக்கும் நிக்ரோம் கம்பியையே எரித்துவிடுகிறது. ஆகவே பில்டர், குழாய், புளோயர் இறக்கைகள் மூன்றையும் சுத்தம் செய்யாமல் புதிய ஹீட்டரை மாட்டுவது பணத்தை வீணாக்குவதாகும். சுழற்சி முடிந்ததும் ஆறவிடாமல் மெயினை அணைக்கும் பழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள். பழுத்திருக்கும் ஹீட்டரின் மேல் காற்று நின்றுபோவதும் அதே தீங்கைத்தான் செய்கிறது.

புதியதை மாட்டும் முன் அளந்து பார்க்க வேண்டும். 240 வோல்ட், 3 கிலோவாட் ஹீட்டர் என்றால் ஏறக்குறைய 19 ஓம் காட்டும். 500 வோல்ட் மெகரால் (மின்காப்பை அளக்கும் கருவி) குழாய்க்கும் டெர்மினலுக்கும் இடையே அளக்கும்போது 1 மெகா ஓமுக்கும் கீழே இருந்தால், உள்ளிருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரம் இழுத்திருக்கிறது. நாளெல்லாம் நீராவி சூழ்ந்த சலவைக்கூட அலமாரியில் கிடந்த ஹீட்டர்களில் இது சாதாரணம். 120 டிகிரி செல்சியஸ் அளவில் சில மணி நேரம் உலர்த்தி மீண்டும் அளக்கலாம்.

டெர்மினலை முறுக்கும்போது இரண்டு ஸ்பேனர்கள் கட்டாயம் தேவை. கீழ் நட்டை ஒன்றால் அசையாமல் பிடித்துக்கொண்டு மேல் நட்டை மற்றொன்றால் இறுக்காவிட்டால், தண்டு திரும்பி, உள்ளே கம்பியோடு பற்றவைத்த இடம் விட்டுப்போகும். வெளியிலிருந்து அது கண்ணுக்கே தெரியாது. சாதாரண பி.வி.சி. வயர் இந்த வெப்பத்தைத் தாங்காது என்பதால் கண்ணாடி இழை உறையுள்ள வயரையே பயன்படுத்துங்கள். சூடேறும்போது குழாய் நீள்வதற்கு இடம் தேவைப்படுவதால், அதைப் பிடித்திருக்கும் கிளாம்பை அளவுக்கு மீறி இறுக்கவும் கூடாது.

ஓட்டிப் பார்க்கும்போது கிளாம்ப் மீட்டரில் மூன்று பேஸிலும் ஏறத்தாழ 12.5 ஆம்பியர் சமமாக வர வேண்டும். வெப்பநிலை எட்டிய பிறகும் ஆம்பியர் இறங்காவிட்டால், ஹீட்டர்களுக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டரின் முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று உடனே பாருங்கள். காற்றோட்ட ஸ்விட்சையோ அதிவெப்பத் தெர்மோஸ்டாட்டையோ விலக்கி வயரை நேராக இணைத்துவிட்டு ஓட்டச் சொல்பவர்கள் உண்டு. பஞ்சுத்தூசி நிறைந்த டிரையரில் தீப்பிடிப்பதைத் தடுக்க இருப்பவை இவைதான் என்பதால், உற்பத்தி நின்றாலும் அதற்கு இணங்காதீர்கள்.