கோகுர்யோவும் குள்ளர் வீடும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் முதுகலை வரலாறு முதலாண்டு மாணவி. சொந்த ஊர் பண்ணைக்காடு. கொரியத் தொடர்கள் பார்க்கும் பழக்கத்தில்தான் கோகுர்யோ என்ற பழைய அரசின் பெயரே எனக்குத் தெரிந்தது. 668-இல் அழிந்துபோன அந்த அரசு யாருடையது என்று சீனாவும் தென் கொரியாவும் வெளியுறவு அமைச்சகம் வரை போய் மோதிக்கொண்டதைப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. வகுப்பில் சொன்னேன். "செத்துப்போன ராஜாக்களுக்காக வேலையற்ற சண்டை" என்றாள் ஒரு தோழி. இன்னொருத்தி, கொரிய அரசி ஒருத்தி கன்னியாகுமரிப் பக்கத்துத் தமிழ்ப்பெண், நாமும் அதை உரக்கச் சொல்ல வேண்டும் என்றாள். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ம., பண்ணைக்காடு

அன்புள்ள ம.,

வேலையற்ற சண்டை என்றுதான் நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். ஒரு கல்லைப் பற்றிப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. முதலில் அதைச் சொல்கிறேன்.

சீனாவின் ஜிலின் மாகாணத்தில், யாலு ஆற்றங்கரையில் ஜியான் என்று ஒரு நகரம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வட கொரியா. கோகுர்யோவின் தலைநகரம் 427-இல் பியோங்யாங்குக்குப் போகும்வரை இங்கேதான் இருந்தது. அங்கே ஆறு மீட்டருக்கு மேல் உயரமான ஒரு கல்தூண் நிற்கிறது. குவாங்கெத்தோ என்ற பெருமன்னரின் நினைவாக அவர் மகன் ஜாங்சு 414-இல் நிறுத்தியது. நான்கு பக்கமும் சேர்த்து 1,700-க்கு மேல் சீன எழுத்துகள். நம் மெய்க்கீர்த்திகளைப் போலத்தான்: குலம் எங்கிருந்து வந்தது, எந்தெந்தக் கோட்டைகளைப் பிடித்தார், அவர் கல்லறையைக் காக்க எத்தனை குடும்பங்கள் என்று போகிறது.

1880-களில் ஜப்பானிய ராணுவ அதிகாரி ஒருவர் அதன் பிரதியை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார். அதில் 391-ஆம் ஆண்டைப் பற்றிய ஒரு வரி தேய்ந்து கிடந்தது. ஜப்பானியர் கடல் கடந்து வந்து கொரிய அரசுகளை வென்று குடிகளாக்கினார்கள் என்று அதை அங்குள்ள அறிஞர்கள் வாசித்தார்கள். கொரியா ஆதியிலேயே எங்களுக்கு அடங்கியிருந்த நாடு என்ற பேச்சுக்கு அந்த வரி சாட்சியானது. 1910-இல் ஜப்பான் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1945 வரை விடவில்லை. ஒரு வரிக்காக நாடு போனது என்று சொல்லவில்லை. ஆனால் நாட்டைப் பிடிக்க வந்தவர்கள் கையில் அந்த வரியும் இருந்தது. 1972-இல், எழுத்துகளின் மேல் ஜப்பானிய ராணுவம் சுண்ணாம்பு பூசித் திருத்திவிட்டது என்று ஜப்பானில் வாழ்ந்த கொரிய அறிஞர் ஒருவர் எழுதினார். பெரிய கொந்தளிப்பு. பிற்பாடு, அந்த அதிகாரி போவதற்கு முன்பே எடுத்த படிகள் கிடைத்தன, குற்றச்சாட்டு வலுவிழந்தது. சுண்ணாம்பு பூசியது உண்மைதான். படி தெளிவாக விழவேண்டும் என்று உள்ளூரில் படியெடுத்து விற்றவர்கள் பூசியது அது.

தேய்ந்த ஓர் எழுத்து என்ன செய்யும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் கொரியர்கள். 2002-இல் சீனச் சமூக அறிவியல் கழகம் 'வடகிழக்குத் திட்டம்' என்று ஓர் ஆய்வைத் தொடங்கி, கோகுர்யோ சீனத்தின் எல்லைப்புற அரசுகளில் ஒன்று என்று எழுத ஆரம்பித்தபோது அவர்கள் பதறியது அதனால்தான். 2004-இல் சீன வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் கொரிய வரலாற்றுப் பகுதியிலிருந்து கோகுர்யோ என்ற பெயர் எடுக்கப்பட்டது. சியோல் எதிர்த்தது. உடனே சீனா என்ன செய்தது தெரியுமா? 1948-க்கு முந்தைய கொரிய வரலாறு முழுவதையும் பக்கத்திலிருந்து நீக்கியது. அந்த ஆகஸ்டில் இரு நாடுகளும் ஐந்து அம்சங்களில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. வாய்மொழிதான், கையெழுத்து கிடையாது.

2022-லும் இதே கதை. சீனா, கொரியா, ஜப்பான் மூன்று நாடுகளின் வெண்கலப் பொருட்களுக்குப் பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சி. அங்கே மாட்டிய கொரியக் காலவரிசையில் கோகுர்யோவும் இல்லை, அதற்குப் பின் வந்த பல்ஹேயும் இல்லை. எதிர்ப்பு வந்ததும் காலவரிசையையே எடுத்துவிட்டார்கள். சேர்க்கச் சொன்னால் மொத்தமாக அழித்துவிடுவது. இது எனக்குக் கோபமூட்டுகிறது.

சீனா சொல்வதையும் கேட்க வேண்டும். இன்று சீன எல்லைக்குள் இருக்கும் நிலத்தில் எந்த இனத்தார் வாழ்ந்திருந்தாலும் அவர்கள் கடந்த காலம் சீன வரலாறு என்பது அவர்கள் கொள்கை. பின்னால் ஒரு பயமும் இருக்கிறது. ஜிலின் மாகாணத்தின் யான்பியன் பகுதியில் மட்டுமே பல லட்சம் கொரிய இனத்தார் சீனக் குடிமக்களாக வாழ்கிறார்கள். மஞ்சூரியா, அதாவது சீனாவின் வடகிழக்குப் பகுதி, எங்கள் பாட்டன் பூமி என்று பேசுகிற கொரியர்களும் உண்டு. நாளை வட கொரியா குலைந்தால் எல்லை எங்கே நிற்கும்? அந்தக் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் பயத்துக்கு மருந்து பாடப்புத்தகத்தில் கைவைப்பது இல்லை. கொரியா என்ற பெயரே கோர்யோவிலிருந்து வந்தது. அந்தக் கோர்யோவோ, கோகுர்யோ தனக்கே வைத்துக்கொண்டிருந்த இன்னொரு பெயர். அந்த நினைவைக் கொரியர்களிடமிருந்து பிடுங்குவது அநியாயம். இடிபாடுகளைக் காப்பது சீனாவின் பொறுப்பு, அதுவும் உண்மை. 2004 ஜூலையில் சுஜோவில் கூடிய யுனெஸ்கோ குழு, வட கொரியாவில் இருக்கும் கோகுர்யோ கல்லறைகளையும் சீனாவில் இருக்கும் தலைநகரங்களையும் ஒரே கூட்டத்தில் தனித்தனியாக உலக மரபுச் சின்னங்களாகப் பதிந்தது. ஓர் அரசு, இரண்டு நாடு, இரண்டு பதிவு. எனக்கு அது நல்ல தீர்ப்பாகவே தோன்றுகிறது.

சரி, நம் பழனி மலைக்கு வருகிறேன். எங்கள் காப்பித் தோட்டம் தாண்டிக்குடிக்கு மேலே. அதற்கும் மேலே வெட்டவெளிப் பாறையில் ஒரு கற்திட்டை உண்டு, பழங்காலத்து ஈமச் சின்னம். பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு மூடுகல். மிளகு பறிக்கிற காலத்தில் மழை பிடித்தால் அதற்குள் ஒதுங்குவோம். குள்ளர் வீடு என்பார் அப்பா. பாண்டவர் கட்டியது என்பாள் பாட்டி. ஆங்லாத் என்ற சேசு சபைப் பாதிரியார் இந்த மலையின் கற்திட்டைகளைத் தேடி அலைந்து, நியூட்டன் என்பவரோடு சேர்ந்து எழுதிய நூலை 1928-இல் தொல்லியல் துறை வெளியிட்டது.

இதே மலைத்தொடரில் மேற்கே இறங்கினால் மறையூர். அங்கேயும் இதே பலகைக் கல், இதே மூடுகல். அங்கே பெயர் முனியறை. அவை கேரளத்தின் தொல்பொருள், நம்முடையவை தமிழ்நாட்டின் தொல்பொருள். கேரளம் என்ற மாநிலம் 1956-இல் பிறந்தது. கல்லை நிறுத்தியவன் எந்த மொழியில் அழுதான் என்று கல்லில் எழுதவில்லை.

எழுதி வைத்திருந்தால் மட்டும் தகராறு தீர்ந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. சேரர் தலைநகரான வஞ்சி கரூரா, கொடுங்கல்லூர்ப் பக்கமா என்று நெடுங்காலமாக வாதாடுகிறோம். கரூருக்கு அருகில் புகளூர் ஆறுநாட்டார் மலையில் ஆதன் செல்லிரும்பொறை, அவர் மகன், பேரன் என்று மூன்று தலைமுறைச் சேரர் பெயர் தமிழ்ப் பிராமியில் இருக்கிறது. நான் கரூர் கட்சிதான். ஆனால் பதிற்றுப்பத்தை மலையாளி ஒருவர் தன் முன்னோர் பாட்டு என்று சொன்னால் அவர் வாயை அடைக்க எனக்கு உரிமை இல்லை. அது அவருக்கும் முன்னோர் பாட்டுதான்.

உங்கள் இரண்டாவது தோழியின் அரசிக்கு வருவோம். ஹோ ஹ்வாங்-ஓக் என்று பெயர். கி.பி. 48-இல் அயுத்தா என்ற நாட்டிலிருந்து கப்பலில் வந்து காயா என்ற பழைய கொரிய நாட்டின் மன்னர் சூரோவை மணந்ததாகச் சம்குக் யூசா என்ற கொரிய நூல் சொல்கிறது. அதைத் தொகுத்தவர் இர்யோன் என்ற பௌத்தத் துறவி. காலம் 13-ஆம் நூற்றாண்டு. நடுவில் 1,200 ஆண்டுக்கு மேல் இடைவெளி. அயுத்தா என்றால் அயோத்தி என்று கொண்டு 2001-இல் அங்கே நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். 2018-இல் தென் கொரிய அதிபரின் மனைவியே வந்து போனார். நம்மில் சிலர் அது குமரிப் பக்கத்துப் பழைய ஆய் நாடு என்கிறார்கள். இரண்டுக்கும் கையில் இருப்பது ஓர் ஒலி ஒற்றுமை, அவ்வளவுதான். அதை வைத்து உறவு கொண்டாடலாம். உரிமை கொண்டாட அது தாங்காது. தேய்ந்த வரியை ஜப்பானியர் வாசித்தார்களே, நாமும் அப்படி வாசிக்கக் கூடாது.

இதில் எனக்கு உறுத்துவது வேறொன்று. சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஜேசிபி விட்டுப் பாதை போட்டார்கள். இரண்டு கற்திட்டைகள் போயின. ஒரு மூடுகல் இன்றைக்கும் ஓடைக்குக் குறுக்கே பாலமாகக் கிடக்கிறது. வாழைத்தார் சுமப்பவர்கள் அதன் மேல்தான் நடக்கிறார்கள். நான் அன்றைக்கே எழுந்துபோய்த் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

உங்கள் ஊர்ப் பக்கத்துப் பாறைகளில் எத்தனை மிச்சம் என்று பார்த்துச் சொல்வீர்களா? தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். நீளம், அகலம், மூடுகல்லின் கனம், வாசல் எந்தத் திசை, ஊரில் என்ன பெயர், இவ்வளவு போதும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் அட்டையும் விடாது. தை பிறந்த பிறகு கிளம்புங்கள். தாண்டிக்குடிப் பக்கம் வருவதாக இருந்தால் எழுதுங்கள், நானும் கூட வருகிறேன்.

அன்புடன்