சால்ஸ்பர்க்குக்குத் தனியாகப் போய்வர ஞாயிற்றுக்கிழமைதான் நல்ல நாள்

கேள்வி: மியூனிக்கில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். வயது 56. அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. பக்கத்தில், ஆஸ்திரியாவில் இருக்கும் சால்ஸ்பர்க்கை ஒரே நாளில் தனியாகப் பார்த்துவிட்டுத் திரும்ப ஆசை. ஜெர்மன் தெரியாது, சைவம், முழங்கால் வலி உண்டு. சங்கீதம் கேட்காமல் திரும்பினால் மனசு ஆறாது. சாத்தியமா?

பதில்: தாராளமாகப் போய்வரலாம். பெண்கள் தனியாக நடப்பதற்குப் பயப்பட வேண்டாத ஊர் அது. நீங்கள் யோசிக்க வேண்டியது கிழமையைப் பற்றித்தான். 'ஞாயிறு வேண்டாம், கடையெல்லாம் மூடியிருக்கும்' என்று பலரும் சொல்வார்கள். சங்கீதத்துக்காகப் போகிற உங்களுக்கு நான் ஞாயிற்றைத்தான் சொல்வேன்.

முதல் காரணம் டிக்கெட். பயர்ன் டிக்கெட் என்ற ஒருநாள் சீட்டு எல்லை தாண்டி சால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரை செல்லும். வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் அதை வைத்து ஏற முடியும். பயணம் சுமார் 2 மணி நேரம் என்பதால் ஊர் சேரும்போதே 11 தாண்டிவிடும். சனி, ஞாயிறில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. 7 மணி வாக்கில் கிளம்பினால் 9 மணி சுமாருக்கு இறங்கிவிடலாம். சீட்டில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். பிராந்திய ரயிலில் மட்டும் ஏறுங்கள். ஐசிஇ, ரயில்ஜெட் போன்ற வேக வண்டிகளில் இந்தச் சீட்டு செல்லாது. பாஸ்போர்ட்டை நகலாக அல்ல, அசலாகவே எடுத்துச் செல்லுங்கள். திரும்பும்போது ஜெர்மன் போலீஸ் ரயிலில் ஏறிக் கேட்பது வழக்கம்.

இரண்டாவது காரணம் பேராலயம். ஞாயிறு காலை 10 மணித் திருப்பலி வழிபாட்டில் பாடகர் குழுவும், பல வாரங்களில் வாத்தியக் குழுவும் சேர்ந்து இசைக்கும். கச்சேரி மேடைக்காக இல்லாமல் வழிபாட்டுக்கென்றே எழுதப்பட்ட இசையை, அது ஒலிக்க வேண்டிய இடத்திலேயே கேட்பீர்கள். எந்த மதத்தவரும் பின்வரிசையில் உட்காரலாம். மற்றவர்கள் நன்மை (வழிபாட்டில் தரும் புனித அப்பம்) வாங்க முன்னே போகும்போது நீங்கள் இருந்த இடத்திலேயே இருங்கள், போனை எடுக்காதீர்கள். முடிந்ததும் நுழைவாயில் அருகே இடப்பக்கம் உள்ள சிற்றாலயத்தைப் பாருங்கள். நான்கு சிங்கங்கள் தாங்கும் வெண்கலத் தொட்டி, 1321இல் வார்த்தது. 1756 ஜனவரி 28 அன்று, பிறந்து ஒரு நாளே ஆன இசைமேதை மொஸார்ட்டுக்கு ஞானஸ்நானம் நடந்தது அதில்தான்.

ஸ்டேஷனிலிருந்து பேராலயம் வரை சமதரை. மிராபெல் தோட்டம் வழியாக அரைமணி மெதுநடை. தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. மலைமேல் இருக்கும் கோட்டைக்கு மட்டும் நடந்து ஏறாதீர்கள், 1892 முதல் ஓடும் இழுவை ரயில் ஒரு நிமிடத்தில் மேலே சேர்த்துவிடும்.

மொஸார்ட் பிறந்த வீடு கெட்ரைடேகாஸ்ஸே தெருவில் 9ஆம் எண். சிறுவயதில் அவர் வாசித்த வயலின் அங்கே இருக்கிறது. உள்ளே படிகள் உண்டு, கூட்டமும் அதிகம்; முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் விட்டுவிடலாம், குறையில்லை. அதைவிட செயின்ட் பீட்டர் கல்லறைத் தோட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். பாறைச் சரிவை ஒட்டி, ஒவ்வொரு சமாதியும் ஒரு பூந்தோட்டம் மாதிரி. மொஸார்ட்டின் அக்கா நானர்ல் 1829 முதல் அங்கே உறங்குகிறார். தம்பியோடு ஐரோப்பிய அரசவைகளில் எல்லாம் வாசித்துப் பெயர் வாங்கிய குழந்தை மேதை. வயது வந்ததும் அவரை வீட்டில் நிறுத்திவிட்டு, தம்பியை மட்டும் அழைத்துக்கொண்டு இத்தாலிக்குப் போனார் அப்பா. அந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் சற்று நின்றுவிட்டுத்தான் வருவேன்.

சாப்பாட்டுக்குக் காஸ்நோக்கன் கேளுங்கள்: சின்னச் சின்ன மாவுருண்டை, உருகிய சீஸ், மேலே வறுத்த வெங்காயம், இரும்புச் சட்டியோடு வரும். 'ஓனே ஃப்ளைஷ்' (மாமிசம் இல்லாமல்) என்று சொல்லிவிடுங்கள். சூப் வேண்டாம், காய்கறி மிதந்தாலும் அடியில் மாட்டிறைச்சிச் சாறாக இருக்கலாம். சால்ஸ்பர்கர் நோக்கர்ல் என்ற இனிப்பு மூன்று மலைச்சிகரம் போல ஊதி வரும். அது முட்டை நுரையில் செய்வது, ஒருவர் சாப்பிட்டு மாளாது.

மாலைக் கச்சேரிக்கு முன்பதிவு செய்யாதீர்கள். முடிய இரவாகிவிடும், ரயிலை நினைத்துக்கொண்டு கேட்கிற பாட்டு காதில் ஏறாது. பதிலாக 5:50க்கு ரெசிடென்ஸ் சதுக்கத்தில் நில்லுங்கள். 6 மணிக்குக் கோபுரத்தில் 35 மணிகள் சேர்ந்து ஒரு மெட்டு இசைக்கும். சுருதி சற்றே விலகியிருக்கும், அதுதான் அதன் அழகு. மணி ஓய்ந்ததும் பாதிக் கூட்டம் கலைந்துவிடும்; நீங்கள் நகராதீர்கள். மேலே கோட்டையிலிருந்து, 1502இல் செய்த குழாய் ஆர்கன் பதில் சொல்லும். காளை கத்துவது போல ஒலிப்பதால் ஊர்க்காரர்கள் அதைக் 'காளை' என்றே கூப்பிடுகிறார்கள். குருத்தோலை ஞாயிறு (ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு) முதல் அக்டோபர் முடிய மட்டுமே இது ஒலிக்கும், அதற்கேற்ப நாள் குறியுங்கள்.

மெல்லிய மழைக்கோட்டு ஒன்று பையில் இருக்கட்டும். நூல் பிடித்தது போல விடாமல் இறங்கும் மழைக்கு அந்த ஊரில் தனிப் பெயரே உண்டு.