அப்பாவுடனும் பிள்ளைகளுடனும் கிராண்ட் கேன்யனில் இறங்கலாமா?

கேள்வி: டல்லாஸில் இருக்கிறோம். ஜூன் கடைசியில் கிராண்ட் கேன்யன் போகிறோம். நாங்கள் இருவர், 13 வயது மகள், 9 வயது மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா (64). ஒரே நாளில் கொலராடோ ஆறு வரை இறங்கி ஏறிவிடலாமா? அப்பா இரண்டு முறை வெள்ளியங்கிரி ஏறியவர்.

பதில்: ஆறு வரை வேண்டாம். ஒரே நாளில் ஆற்றுக்கு இறங்கித் திரும்புவதைப் பூங்கா நிர்வாகமே கூடாது என்கிறது, அதிலும் மே முதல் செப்டம்பர் வரை.

அப்பா வெள்ளியங்கிரி ஏறியவர் என்பது நல்ல விஷயம்தான். ஆனால் மலையில் முதலில் ஏற்றம். மூச்சு வாங்கினால் அங்கேயே திரும்பிவிடலாம், வருவது இறக்கம். கேன்யனில் எல்லாம் தலைகீழ். காலைக் குளிரில் கால் தானாக இறங்கும், பிள்ளைகள் ஓடுவார்கள், யாருக்கும் களைப்பே தெரியாது. களைப்பு தெரியும்போது வெயில் ஏறியிருக்கும், ஏற்றம் முழுக்க பாக்கி இருக்கும். தென் விளிம்பு சுமார் 7,000 அடி, கிட்டத்தட்ட ஊட்டி உயரம். கீழே போகப் போகச் சூடு கூடும். அடியில் மேலே இருப்பதைவிட 11 டிகிரி வரை அதிகம். ஜூனில் அங்கே 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம்.

அதனால் எங்கே திரும்புவது என்பதைக் காலிடம் கேட்காதீர்கள், கடிகாரத்திடம் கேளுங்கள். இறங்கிய நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஏறுவதற்கு வேண்டும். காலை 5 மணிக்குக் கிளம்பினால், 6.30க்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுங்கள், 9.30க்கு மேலே வந்துவிடலாம். 10 முதல் 4 மணி வரை உள்ளே நடக்கவே கூடாத நேரம். அரிசோனா கடிகாரம் கோடையில் டல்லாஸைவிட இரண்டு மணி நேரம் பின்னால் இருக்கும். அதனால் அங்கே 4 மணிக்கு எழுவது உங்கள் உடம்புக்கு 6 மணிதான். இது நல்ல வசதி, முதல் நாளிலேயே பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

பாதை என்றால் பிரைட் ஏஞ்சல். ஒன்றரை மைலில் ஓய்வுக் கூடம் இருக்கிறது. சுமார் 1,100 அடி இறக்கம். உங்கள் குடும்பத்துக்கு அதுவே போதும். அடுத்த கூடம் மூன்றாவது மைலில். ஒன்பது வயதுப் பையனோடு அங்கே போக நான் சொல்ல மாட்டேன். சவுத் கைபாப் பாதையில் காட்சி இன்னும் விரிவாக இருக்கும், ஆனால் வழியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது, நிழலும் குறைவு. பிரைட் ஏஞ்சலில் கோடையில் குழாய்த் தண்ணீர் உண்டு. ஆனாலும் குழாய் உடைந்து நின்றுபோவது அங்கே வழக்கம், அதனால் முதல் நாள் மாலை விசாரித்துவிட்டு, எப்படியும் பெரியவர்கள் ஆளுக்கு மூன்று லிட்டர் சுமந்துகொள்ளுங்கள்.

தண்ணீர் மட்டும் போதாது. உப்பில்லாமல் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். நம் சாப்பாடு இதற்குக் கச்சிதம்: புளியோதரை, ஊறுகாய், மிக்சர், உப்புக் கடலை. கூடவே ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலைந்து. அப்புறம், ஆளுக்கொரு பருத்தித் துண்டு. நனைத்துக் கழுத்தில் போட்டால் அந்த வறண்ட காற்றில் உடம்பு நன்றாகக் குளிரும். சட்டையும் பருத்தியாகவே இருக்கட்டும். அப்பா ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவராக இருந்தால், வெயிலில் நடப்பதைச் சொல்லி டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். சில மாத்திரைகள் உடம்பின் நீரை இறக்கிவிடும்.

வழியில் கோவேறு கழுதைகள் வரும். பாறைச் சுவர்ப் பக்கம் ஒதுங்கி, அவை தாண்டும்வரை அசையாமல் நில்லுங்கள். மகனிடம் இதை முன்பே சொல்லி வையுங்கள்.

பிள்ளைகளுக்கு ஆற்றைத் தொட வேண்டும் என்று ஆசை இருந்தால், மறுநாள் காரிலேயே லீஸ் ஃபெர்ரி போங்கள். அங்கே கொலராடோ கரை வரை சாலை இருக்கிறது. கரையோரத்தில் கால் மட்டும் நனைக்கட்டும், ஆற்றில் இழுப்பு பலமாக இருக்கும்.